புராஜெக்ட் யாருக்கு?

கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர்களைத் துரத்தும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: புராஜெக்ட்டுக்கு என்ன தலைப்பு? கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு ஒவ்வொரு கைப்பேசிக்கும் வந்துவிட்ட பிறகு, அந்த புராஜெக்ட்டுக்கு இன்னும் மதிப்பு உண்டா என்று பெற்றோரும் ஆசிரியர்களும் வேலை கொடுப்பவர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். உண்டு. ஆனால் அந்த மதிப்பு நிரலை விட்டு நகர்ந்து, எந்தப் பிரச்சினையை எடுத்தோம், யாருக்காக எடுத்தோம் என்பதில் வந்து நிற்கிறது. அந்தத் தேர்வைச் செய்வதில், திருப்பூர் பனியன் வட்டாரத்துக் குன்னத்தூர் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்குப் பெருநகரப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அதை அவர்கள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம்.

திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் வழியாகக் கோபி போகும் சாலையில், ஊத்துக்குளி வட்டத்தில் இருக்கிறது குன்னத்தூர் பேரூராட்சி. காலையில் ஒரு பக்கம் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றும். இன்னொரு பக்கம் பெருந்துறை, கோபி, ஈரோடு, திருப்பூர்க் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகள் நிற்பார்கள். பல வீடுகளில் அம்மா செக்கிங், அதாவது துணியில் குறை பார்க்கும் வேலைக்குப் போகிறவர், மகன் பி.இ. கம்ப்யூட்டர் படிக்கிறவன். அம்மாவின் வேலையில் தினமும் நடக்கும் சிக்கல்களுக்கும் மகனின் படிப்புக்கும் சம்பந்தம் இருப்பதாக அந்த வீட்டில் யாரும் நினைப்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி, கணினி அறிவியலின் எட்டாவது பருவத்தில் புராஜெக்ட்டுக்கு மட்டும் 10 கிரெடிட். மூன்று தியரிப் பாடங்களுக்கு ஈடான எடை அது. வாரத்துக்கு 20 பீரியட் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நான்கு வருடத்தில் வேறெந்த வேலைக்கும் இவ்வளவு நேரம் கிடைக்காது. பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்களுக்கும் கடைசிப் பருவத்து புராஜெக்ட்தான் படித்ததைச் செய்து பார்க்கும் ஒரே பெரிய வாய்ப்பு.

அட்டை மாறும், உள்ளே மாறாது

கல்லூரித் துறை நூலகத்தில் பழைய புராஜெக்ட் அறிக்கைகள் அடுக்கிய அலமாரியைப் பாருங்கள். முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு, இலையைப் பார்த்துப் பயிர் நோய், இதய நோய் முன்கணிப்பு, பொய்ச் செய்தி கண்டுபிடிப்பு, கிரெடிட் கார்டு மோசடி. இந்த ஐந்தாறு தலைப்புகளே வருடா வருடம் புது அட்டை போட்டுக்கொண்டு வருகின்றன.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘பேஸ் பேப்பர் கொண்டு வா’ என்று வழிகாட்டி கேட்கிறார். ஐ.இ.இ.இ. ஆய்வுக் கட்டுரை ஒன்று இணையத்தில் அகப்படுகிறது. அதற்கேற்ற தரவும் கேகிள் போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. நேரம் போதாதவர்களுக்குக் கோவை காந்திபுரம் போன்ற இடங்களில் புராஜெக்ட் சென்டர்கள் உண்டு. பணம் கட்டினால் நிரல், அறிக்கை, வைவாவில் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் தயார். இப்போது அந்தச் செலவும் மிச்சம். ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரே ராத்திரியில் முடிந்துவிடுகிறது.

இப்படிச் செய்யும் புராஜெக்ட்டில் வெளியே தெரியாத ஒரு கோளாறு இருக்கிறது. பயிர் நோய்த் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். அநேகமாக எல்லோரும் பயன்படுத்துவது ‘பிளான்ட்வில்லேஜ்’ என்ற படத் தொகுப்பு. 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள். 2016இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு, இந்தப் படங்களைக் கொண்டு 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் கண்டது. நம் மாணவர்களின் அறிக்கையிலும் அதே 99 சதவீதம் வரும்.

அதே ஆய்வுக் கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது துல்லியம் சுமார் 31 சதவீதமாக விழுந்துவிட்டது. காரணம் எளிது. தொகுப்பில் இருப்பவை, இலையைப் பறித்து வெறும் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். தோட்டத்தில் இலைமேல் மண் இருக்கும், நிழல் இருக்கும், பக்கத்து இலை மறைக்கும்.

இன்னும் ஒன்று. அந்த 14 பயிர்களில் ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, தக்காளி உண்டு. தென்னையோ மஞ்சளோ மரவள்ளியோ கிடையாது. குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயியிடம் இந்தச் செயலியைக் கொடுத்தால் அவர் தோட்டத்துத் தென்னோலையைப் பார்த்து ஆப்பிள் நோய் என்றுகூடச் சொல்லக்கூடும். ஆனால் வைவா அறைக்குள் எந்த விவசாயியும் வருவதில்லை என்பதால் யாருக்கும் இது தெரிவதில்லை.

ஏன் இப்போது கவலைப்பட வேண்டும்?

புராஜெக்ட் வெறும் சடங்காக இருந்த காலத்திலும் வேலை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தன. எடுத்த பிறகு தாங்களே சொல்லிக் கொடுத்துக்கொண்டன. அந்தக் கணக்கு இப்போது மாறுகிறது. நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ்., 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

இன்னொரு பக்கம், நன்றாக நடக்கும் கல்லூரிகளில் ஒரு பாடப் பிரிவுக்கு இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2024-25 கல்வியாண்டிலிருந்து நீக்கிவிட்டது. கணினிப் பிரிவுகளில் இடங்கள் பெருகின. படித்து வெளியே வருகிறவர்கள் கூடிக்கொண்டே போக, எளிய நிரல் எழுதும் தொடக்கநிலை வேலை குறைகிறது.

இந்த நெருக்கடியில் நேர்காணல் அறையில் நம் பிள்ளை என்ன சொல்லப் போகிறது? எல்லோரும் செய்த புராஜெக்ட்டை, எல்லோரும் சொல்லும் 99 சதவீதத்தோடு சொன்னால் எதிரே இருப்பவருக்கு அடுத்த கேள்வி கேட்கவே தோன்றாது. ‘இதை ஒரு செக்கிங் அக்கா மூன்று வாரம் பயன்படுத்தினார். இரண்டாவது நாளே இந்த இடத்தில் தப்பாகப் போனது. ஏன் என்று பார்த்தோம், இப்படி மாற்றினோம்’ என்று சொல்கிறவரிடம் கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும். அந்த அனுபவத்தை எந்த ஏ.ஐ.யும் எழுதித் தர முடியாது.

படிப்புக்காக நகையை அடகு வைத்த வீடுகள், கல்விக் கடன் வாங்கிய வீடுகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

துணியில் ஒரு பாடம்

திருப்பூரில் படிக்கும் கணினி மாணவர்கள் ஊர்த் தொழிலைத் தொடுவதே இல்லை என்று சொல்ல முடியாது. துணியில் குறை கண்டுபிடிக்கும் புராஜெக்ட் அவ்வப்போது வரும். அதிலும் தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஸ்பெயின் நாட்டு அல்காய் நகரத்தில் உள்ள ‘ஐடெக்ஸ்’ ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தொகுப்பாக இருக்கும். 7 வகைத் துணிகளில் 245 படங்கள். அவை பாவும் ஊடையும் கொண்டு நெய்த துணிகள். திருப்பூரில் ஓடுவது பின்னலாடை. நெய்த துணியில் வரும் குறை வேறு, நிட்டிங் துணியில் வரும் குறை வேறு. பனியன் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஸ்பெயின் நாட்டு நெசவுத் துணியில் குறை தேடும் வேடிக்கை இது.

நிட்டிங் மெஷினில் நிஜமாக நடப்பதைப் பார்ப்போம். 30 அங்குல விட்டம், 24 கேஜ் மெஷின் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி வீதம், சுற்றிலும் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். அதில் ஒரே ஒரு ஊசியின் கொக்கி தேய்ந்தாலோ உடைந்தாலோ, யாராவது பார்த்து மெஷினை நிறுத்தும்வரை துணியின் நீளத்துக்கும் ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். நைட் ஷிப்ட்டில் ஒருவரே பல மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், அந்தக் கோட்டைக் கவனிப்பதற்குள் ரோல் ஓடி முடிந்துவிடும். சில குறைகள் சாயம் போட்டு வந்த பிறகே கண்ணில் படும். அப்போது நூல் காசோடு சாயக் காசும் போனதாகக் கணக்கு.

இந்தப் பிரச்சினையை ஒருவர் எடுத்துச் செய்தார். ஆனால் அவர் திருப்பூர்க்காரர் இல்லை. போர்ச்சுகல்லின் போர்ட்டோ நகரத்தைச் சேர்ந்த ‘ஸ்மார்டெக்ஸ்’ நிறுவனம், வட்ட நிட்டிங் மெஷினுக்குள்ளேயே கேமரா வைத்து, குறை விழுந்தவுடன் மெஷினை நிறுத்தும் கருவியை உருவாக்கியது. 2018இல் தொடங்கிய அந்த நிறுவனம், 2021இல் லிஸ்பனில் நடந்த ‘வெப் சம்மிட்’ மாநாட்டின் புதிய நிறுவனங்களுக்கான போட்டியில் முதலிடம் பிடித்தது. அதன் நிறுவனர்களில் ஒருவர் இளம்வயதில் துணி ஆலையில் குறை பார்க்கும் வேலை செய்தவர். போர்ட்டோவைச் சுற்றியுள்ள வட போர்ச்சுகலும் நம் ஊர் போலப் பின்னலாடைப் பகுதிதான்.

திருப்பூரில் குறை பார்க்கும் வேலை செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலேயே கணினி படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் கேள்வியைக் கல்லூரி கேட்கவில்லை என்பதுதான் குறை.

ஸ்மார்டெக்ஸ் செய்ததை நான்கு பேர் கொண்ட மாணவர் குழு ஒரு பருவத்தில் செய்ய முடியுமா? முடியாது. செய்யவும் வேண்டாம். ஆனால் ஒரு நிட்டிங் யூனிட்டில் அனுமதி வாங்கி, ஊசிக்கோடு, ஓட்டை, எண்ணெய்க் கறை ஆகிய மூன்று குறைகளை மட்டும் சில நூறு படங்கள் எடுத்து, செக்கிங் ஆளை வைத்து வகை பிரித்தால், அந்தத் தொகுப்பே பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு சொத்து. பஞ்சு பறந்து லென்ஸில் படிகிறதே, டியூப் லைட் வெளிச்சம் இடத்துக்கு இடம் மாறுகிறதே என்று முட்டி மோதிக் கிடைக்கும் 70 சதவீதம், இறக்குமதி செய்த 99 சதவீதத்தைவிடப் பெறுமானம் உள்ளது.

ஏ.ஐ. இல்லாமலும் நல்ல புராஜெக்ட் உண்டு

கையருகே கிடக்கும் வேறு சில பிரச்சினைகளையும் சொல்ல வேண்டும். இவற்றில் பலவற்றுக்குப் பெரிய தொழில்நுட்பமே தேவையில்லை.

முதலாவது, ஜாப் ஒர்க் கணக்கு. நூல் ஒரு இடத்தில் வாங்கி, நிட்டிங்குக்கு ஒரு யூனிட், டையிங்குக்கு ஒரு பட்டறை, காம்பாக்டிங்குக்கு இன்னொன்று என்று துணி ஊர் சுற்றி வருகிறது. போன எடை ஒன்று, வந்த எடை ஒன்று. எந்த லாட் எங்கே நிற்கிறது, எத்தனை கிலோ எங்கே குறைந்தது என்பது டெலிவரி சலான் கட்டுகளுக்குள்ளும் வாட்ஸ்அப் படங்களுக்குள்ளும் மறைந்து கிடக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும் என்பதால் இது வெறும் வசதிக்கான கணக்கும் இல்லை. பெரிய ஏற்றுமதியாளர்களிடம் இதற்கு மென்பொருள் இருக்கும். பத்து பவர் டேபிள் வைத்திருக்கும் யூனிட்காரரிடம் இருப்பது ஒரு நீள நோட்டு. சலானைப் படம் பிடித்தால் லாட் கணக்கில் ஏறும் ஒரு சின்னச் செயலி, தமிழில், இணையம் விட்டுவிட்டு வந்தாலும் வேலை செய்யும்படி இருந்தால் அவருக்கு அதுவே போதும்.

இரண்டாவது, பீஸ் ரேட் கூலி. சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில் எண்ணிக்கைத் தகராறு வருவது புதிதல்ல. ஓவர்லாக்கில் இத்தனை, பிளாட்லாக்கில் இத்தனை, ரேட் இவ்வளவு என்று டைலர் வைத்திருக்கும் கணக்கும் கான்ட்ராக்டர் வைத்திருக்கும் கணக்கும் ஒத்துப்போகாது. பண்டலுக்கு ஒரு க்யூ.ஆர். சீட்டு, முடித்தவுடன் ஸ்கேன், அன்றைய கணக்கு டைலர் கைப்பேசியிலேயே தெரிகிற மாதிரி ஒன்று. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்களும் படிக்கும்படி ஒடியாவிலும் இந்தியிலும் அதைத் தருவது தனிச் சவால். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற திரையை வடிவமைப்பது, வகுப்பில் யாரும் சொல்லித் தராத பாடம்.

மூன்றாவது, ஐரோப்பா கேட்கப் போகும் கணக்கு. 2024 ஜூலை 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு புதிய ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்கீழ், பொருள் எதனால் ஆனது, எங்கே எப்படிச் செய்யப்பட்டது என்பதை ஸ்கேன் செய்து பார்க்கும்படியான ‘டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட்’ படிப்படியாக வரும். 2025 ஏப்ரலில் வெளியான முதல் செயல்திட்டத்தில் ஆடைகளும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. 2024-25இல் 40 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டி ஏற்றுமதி செய்த திருப்பூருக்கு ஐரோப்பா முக்கியமான சந்தை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 சதவீத வரி போட்ட பிறகு, வேறு சந்தைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசரமும் கூடியது. ஏற்றுமதியாளர் பாஸ்போர்ட் தர வேண்டும் என்றால், அவருக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டும் தன் பங்குத் தகவலைக் கொடுத்தாக வேண்டும். அந்தச் சின்ன யூனிட்டுக்கு யார் உதவப் போகிறார்கள்?

நான்காவது, துணிக்கு வெளியே, தண்ணீர். அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீர் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். எங்கள் குட்டைக்கு வரவில்லை என்று சில இடங்களில் விவசாயிகள் சொல்கிறார்கள். ஐரோப்பாவின் ‘சென்டினல்-2’ செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசம். ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கர் குட்டை என்றால் சுமார் 40 புள்ளிகள். சின்னதுதான், ஆனால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முயலலாம். மேகம் மறைக்கும் நாள்களில் நேரில் போய்ப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஊத்துக்குளி வட்டத்துக் குட்டைகளை மட்டும் எடுத்தாலே ஒரு குழுவுக்குப் போதிய வேலை.

தேர்ந்தெடுக்க நான்கு கேள்விகள்

தலைப்பை முடிவு செய்யும் முன் மாணவர் குழு தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்குதான்.

இது யாருடைய பிரச்சினை? அவர் பெயர் சொல்ல முடிய வேண்டும். ‘பொதுமக்கள்’, ‘விவசாயிகள்’ என்பது பதில் ஆகாது.

அவரை வாரம் ஒருமுறை பார்க்க முடியுமா? டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறவர் என்றால் நல்லது.

தரவு நம் கையில் வருமா? வராது என்றால் ஆரம்பத்திலேயே தலைப்பை மாற்றிவிட வேண்டும். மூன்றாவது மாதத்தில் தெரிந்துகொள்வதில் பலனில்லை.

எட்டு வாரத்தில் அவர் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுக்க முடியுமா? முடியாத அளவுக்குப் பெரிதென்றால் பாதியாக வெட்டுங்கள். அதிலும் பாதியாக வெட்டினால்கூடத் தவறில்லை.

இந்த நான்குக்கும் பதில் இருந்தால், எந்த மொழியில் எழுதுவது, எந்த மாடல் பயன்படுத்துவது என்பதெல்லாம் தானாக முடிவாகும். நிரல் எழுத ஏ.ஐ.யின் உதவியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எழுதிய ஒவ்வொரு பகுதியையும் குழுவில் ஒருவராவது விளக்கத் தெரிந்திருந்தால் போதும்.

எழும் மறுப்புகள்

‘இதில் புதுமை என்ன இருக்கிறது? சலான் கணக்கெல்லாம் ஒரு புராஜெக்ட்டா?’ என்று ரிவ்யூவில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மாணவர் ஆய்வுத் தலைப்பையே எடுக்கட்டும். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் போகப் போவது வேலைக்கு. அங்கே அவர்களிடம் எதிர்பார்ப்பது, இன்னொருவர் தேவையைக் கேட்டுப் புரிந்து, ஓடுகிற ஒன்றைக் கட்டிக் கொடுப்பது. படித்தறியாத ஆய்வுக் கட்டுரையின் நகலைவிட, ஓடுகிற சலான் கணக்கில் பொறியியல் அதிகம்.

‘முதலாளி உள்ளே விடுவாரா?’ என்பது அடுத்தது. பெரிய கம்பெனியில் பையர் பெயர், ஸ்டைல் எல்லாம் ரகசியம் என்பதால் தயங்குவார்கள். சின்ன யூனிட்டுகளில் கேட்டுப் பார்க்கலாம். அங்கே மாமாவோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ இருப்பார். கல்லூரியின் கடிதம் ஒன்று கையில் இருந்தால் கதவு திறக்க வழி உண்டு.

மூன்றாவது, எச்சரிக்கை. தொழிலாளர்களின் முகம், கூலி, கைப்பேசி எண் போன்றவற்றைத் தொடும் எந்தப் புராஜெக்ட்டும் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட வேண்டும். அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். தேவையில்லாததைச் சேகரிக்கக் கூடாது. புராஜெக்ட் முடிந்ததும் அழிக்க வேண்டும். கூலிக் கணக்குச் செயலி தொழிலாளியைக் கண்காணிக்கும் கருவியாக மாறிவிட்டால், படித்த பிள்ளை தன் வீட்டுக்கே தீங்கு செய்ததாக ஆகும்.

செய்ய வேண்டியவை

மாணவர்கள்: ஏழாவது பருவ விடுமுறையிலேயே இரண்டு மூன்று யூனிட்டுகளுக்கோ கடைகளுக்கோ தோட்டங்களுக்கோ போய், ஒரு முழு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். என்ன செயலி வேண்டும் என்று கேட்காதீர்கள். அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எந்த வேலையை இரண்டு முறை செய்கிறார்கள், எதை நோட்டில் எழுதி அடிக்கிறார்கள், எதற்காகப் போனில் கத்துகிறார்கள் என்று கவனியுங்கள். யோசனைகளுக்குக் கணியம் அறக்கட்டளை கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் தமிழ்க் கணிமைக்கான புராஜெக்ட் பட்டியலையும் பார்க்கலாம்.

வழிகாட்டி ஆசிரியர்கள்: பேஸ் பேப்பர் கேட்பதற்கு முன், பயன்படுத்தப் போகிறவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். இணையத் தரவை எடுத்தால், குறைந்தது ஐம்பது மாதிரிகளாவது நம் ஊரில் எடுத்துச் சோதித்தாக வேண்டும் என்று விதி வையுங்கள். துல்லியம் குறைந்ததற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். ஏன் குறைந்தது என்று சொல்லத் தெரியாததற்குக் குறையுங்கள்.

கல்லூரிகள்: வைவாவின்போது, பயன்படுத்திய ஒருவரை, அவர் டைலராக இருந்தாலும் விவசாயியாக இருந்தாலும், பத்து நிமிடம் பேச அழையுங்கள். முடிந்த புராஜெக்ட்டுகளை அலமாரியில் பூட்டாமல், அடுத்த ஆண்டு மாணவர்கள் அங்கிருந்து தொடர வழி செய்யுங்கள். நான்கு தொகுதி மாணவர்கள் தொடர்ந்து செய்தால் ஒரு சின்னச் செயலி நிஜமான பொருளாக ஆகிவிடும். எட்டாவது பருவத்தில் புராஜெக்ட்டுக்குப் பதிலாக இன்டர்ன்ஷிப் செய்யவும் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் இடம் தருகிறது. அதைச் சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு மட்டும் என்று வைக்காமல் பெருந்துறை சிப்காட்டுக்கும் பெருமாநல்லூர்ப் பக்கத்து நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவுக்கும் விரிவுபடுத்துங்கள்.

தொழில் அமைப்புகள்: திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும், ஜாப் ஒர்க் பிரிவுகளின் சங்கங்களும் ஆண்டுதோறும் ஜூன் மாதம், தங்களுக்குத் தீர்வு வேண்டிய இருபது பிரச்சினைகளை எளிய தமிழில் பட்டியலிட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு பிரச்சினைக்கும் பேசுவதற்கு ஒரு ஆள் பெயரும் இருக்க வேண்டும். நிஃப்ட்-டீ கல்லூரியில் உள்ள அடல் இன்குபேஷன் மையம் கணினி மாணவர்களையும் ஆடை வடிவமைப்பு மாணவர்களையும் ஒரே குழுவில் சேர்க்கலாம்.

அரசு: நான் முதல்வன் திட்டத்தின்கீழ் கல்லூரி மாணவர்களுக்காக நடத்தப்படும் ‘நிரல் திருவிழா’ நல்ல தொடக்கம். தொழில்துறையும் அரசுத் துறைகளும் தரும் நிஜப் பிரச்சினைகளை மாணவர்கள் எடுத்துச் செய்யும் ஏற்பாடு அது. அதை மாவட்ட அளவில் விரித்து, திருப்பூர் மாவட்டத்துக்கென்று தனிப் பட்டியல் தர வேண்டும். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் இறுதியாண்டு புராஜெக்ட்டுகளுக்குத் தரும் நிதியுதவி பற்றிச் சிற்றூர்க் கல்லூரிகளில் பலருக்குத் தெரியாது. இறுதியாண்டு தொடங்கும்போதே அறிவிப்புப் பலகையில் அது இருக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. புராஜெக்ட்டுக்குப் பணம் வேண்டும் என்று பிள்ளை கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். சென்சார் வாங்க, பஸ்ஸுக்கு, பிரிண்ட் எடுக்க என்றால் கொடுங்கள். ‘சென்டரில் கட்ட’ என்றால் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் கம்பெனி சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை பேசி, சனிக்கிழமை பிள்ளையை அங்கே அழைத்துப் போங்கள். நான்கு வருடம் கட்டிய கல்லூரிக் கட்டணத்துக்குச் சரியான வட்டி அங்கேதான் கிடைக்கும்.